மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தும் ஏன் தலை சுற்றியது? வெயில் கால எண்டூரோவுக்குத் தயாராவது எப்படி

கேள்வி: எனக்கு 40 வயது, எடை 78 கிலோ. எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக்கில் மூன்று மணி நேர கிராஸ்-கன்ட்ரி எண்டூரோவில் (கரடுமுரடான பாதையில் நடக்கும் நீண்ட நேர பைக் ரேஸ்) ஓட்டினேன். இரண்டாவது மணி நேரம் முடிவதற்குள் மூன்று லிட்டர் தண்ணீர் குடித்திருந்தேன். ஆனாலும் குமட்டல், தலைச்சுற்றல். முன்கை இறுகி பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை. வண்டியும் சூடாகி, கிளட்ச் சரியாக விடுபடவில்லை. நடுவில் கிளட்சை அட்ஜஸ்ட் செய்தேன். அதன்பின் ஸ்லிப் ஆக ஆரம்பித்துவிட்டது. மே மாதம் மறுபடி ஓட்டப் போகிறேன். எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் தண்ணீர்க் கணக்கு. மணிக்கு ஒன்றரை லிட்டர் வீதம் குடித்திருக்கிறீர்கள். கடுமையாக ஓட்டும்போது குடல் உறிஞ்சக்கூடியது பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு 800 மில்லி முதல் ஒரு லிட்டர் வரைதான். மீதி வயிற்றிலேயே தளும்பும். குமட்டலுக்கு அதுவே போதும். அதோடு, ஒரு லிட்டர் வியர்வையில் அரை கிராம் முதல் ஒன்றரை கிராம் வரை சோடியம் வெளியேறுகிறது. அந்த இடத்தை வெறும் தண்ணீரால் நிரப்பினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். அதற்கும் தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல்தான் அறிகுறி. நீர் வற்றினாலும் இதேதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி எடை மிஷின்: ரேஸ் முடிந்ததும் எடை குறையாமல் இருந்தாலோ கூடியிருந்தாலோ, அளவுக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.

ஆகவே ரேஸுக்கு முன்பே உங்கள் வியர்வையை அளந்துவிடுங்கள். ஆடையில்லாமல் எடை பாருங்கள். ஹெல்மெட், கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் ஒரு மணி நேரம், ரேஸ் வேகத்தில் ஓட்டுங்கள். துடைத்துக்கொண்டு மறுபடி எடை பாருங்கள். குறைந்த எடையோடு நடுவில் குடித்த அளவையும் கூட்டினால் அதுதான் உங்கள் ஒரு மணி நேர வியர்வை. 1.4 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரத்தில் 4.2 லிட்டர் போகும். மணிக்கு 800 மில்லி குடித்தால் 2.4 லிட்டர் திரும்பி வரும். 1.8 லிட்டர் பற்றாக்குறை, அதாவது உடல் எடையில் இரண்டேகால் சதவீதம். இதைத் தாங்கிக்கொள்ளலாம். முழுவதையும் ஈடுகட்டப் பார்ப்பதுதான் தவறு.

முதுகில் மாட்டும் குழாய் வைத்த தண்ணீர்ப் பையில் ஊற்ற வேண்டியது: லிட்டருக்கு 2 கிராம் உப்பு, 50 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சை. கண் அளவு வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். மணிக்கு 800 மில்லி என்றால் 40 கிராம் சர்க்கரை கிடைக்கும். மூன்று மணி நேரத்துக்கு வேறு தீனி தேவையில்லை. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கலவையைத் தொடாதீர்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ரேஸ் பானமாக அது போதாது. முந்தின இரவே பையில் பாதியளவு ஊற்றி, படுக்கவைத்து உறையவிடுங்கள்; காலையில் மீதியை ஊற்றுங்கள். உறிஞ்சிய பிறகு குழாயில் நிற்பதைப் பைக்குள்ளேயே ஊதித் தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாய் வெந்நீராக இருக்கும், குடிக்கவே மனம் வராது. நேரான, மேடுபள்ளமில்லாத இடங்களை முதல் சுற்றிலேயே குறித்துவைத்து, ஒவ்வொரு சுற்றிலும் அங்கே இரண்டு மூன்று வாய் குடியுங்கள். தாகத்துக்காகக் காத்திருந்தால் இந்த விளையாட்டில் குடிக்கவே மறந்துபோகும்.

ஆனால் தண்ணீர் பாதிக் கதைதான். தசை செலவழிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை, மீதியெல்லாம் சூடு. நெஞ்சுக் கவசமும் ஹெல்மெட்டும் அதை வெளியே விடுவதில்லை. கரையோர ஊர்களின் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போனால் குளிர்ச்சியும் கிடைக்காது. அதனால், உற்பத்தியாகும் சூட்டைக் குறைப்பதுதான் பெரிய லாபம். கைப்பிடியை இறுகப் பற்றுவதே முன்கை இறுக்கத்துக்கு முதல் காரணம். முழங்காலால் டேங்கை அணைத்து நில்லுங்கள். உடல் எடை பெக்கில் (கால் வைக்கும் கட்டையில்) இறங்கட்டும். லீவர்களை மணிக்கட்டு மடங்காத கோணத்துக்கு இறக்கி வையுங்கள். முதல் இருபது நிமிடம் உங்களால் முடிந்த வேகத்தில் பத்துக்கு எட்டு பங்கு போதும்.

உடல் பழகவும் வேண்டும். ரேஸுக்கு முன் பத்து பதினான்கு நாள், தினமும் 60 முதல் 90 நிமிடம் வெயிலில் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்தால் வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும், அதே வேலைக்கு இதயத் துடிப்பும் குறையும். ஏசி ஜிம்மில் எத்தனை மணி நேரம் சைக்கிள் மிதித்தாலும் இது வராது.

இனி வண்டி. உங்கள் வண்டியில் ஆயில் கூலர் உண்டு, மின்விசிறி இல்லை. முதல் கியரில் பாறைகளுக்கிடையே ஊர்ந்தால் கூலருக்குக் காற்றே கிடைக்காது. அரைக் கிளட்சில் ஏறும்போது கிளட்ச் தட்டுகளின் சூடு அப்படியே இன்ஜின் ஆயிலுக்குப் போகிறது. தட்டுகள் சூட்டில் விரிந்ததும் லீவரில் ப்ளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்குமுன் லீவரில் இருக்கும் தளர்வு) கூடும், கிளட்ச் முழுதாக விடுபடாது. நீங்கள் பார்த்தது இதைத்தான். அந்த ப்ளேயை அட்ஜஸ்டரில் எடுத்துவிட்டீர்கள். ஆறியதும் தட்டுகள் பழைய கனத்துக்குத் திரும்பின, கேபிளில் தளர்வே இல்லாமல் போனது, அதனால் ஸ்லிப். நடுவில் திருகினால் எத்தனை சுற்று என்று எண்ணிவைத்து, ஆறியதும் அத்தனையையும் திருப்பிவிட வேண்டும். ஒருமுறை அப்படி எரிந்த தட்டுகளைக் கழற்றிப் பாருங்கள். கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள், ஸ்பிரிங்குகளையும் சேர்த்து.

ஆயில் புதிதாக, மேல் கோட்டளவுக்கு இருக்கட்டும். டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ2 என்ற பைக் ஆயில் தரக்குறி இருக்கிறதா பாருங்கள். கார் ஆயிலில் உராய்வு குறைக்கும் சேர்மானங்கள் இருக்கலாம், ஆயிலில் நனைந்து ஓடும் ஈரக் கிளட்ச் வழுக்கும். கூலர் இதழ்களில் ஒட்டிய சேற்றை மென்மையான பிரஷ்ஷாலும் குறைந்த அழுத்தத் தண்ணீராலும் எடுங்கள். பிரஷர் வாஷர் இதழ்களை மடக்கிவிடும். ஸ்டார்ட் வரிசையில் இன்ஜினை அணைத்து வையுங்கள். பின் பிரேக் பெடலில் கால் தொட்டபடியே ஓட்டுகிறவர்களுக்கு பிரேக் ஃப்ளூயிட் கொதித்து பெடல் பஞ்சுபோல் இறங்கும். டாட் 4 தரத்தில் புதிய ஃப்ளூயிட்டின் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி; ஈரம் ஏறியதும் 155 வரை இறங்கலாம். ஆண்டுக்கொரு முறை மாற்றாத வண்டியை மே வெயிலில் இறக்காதீர்கள்.

வெயிலைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். பெங்களூருவின் சி.எஸ். சந்தோஷ், பல நாள் நடக்கும் கடுமையான டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியரானது 2015-ல். அதே ராலியில், அர்ஜென்டினாவில் போலந்து வீரர் மிகால் ஹெர்னிக் இறந்தார். பிரேதப் பரிசோதனை சொன்ன காரணம் உடல் அதிவெப்பமும் நீரிழப்பும்.

வெயிலில் மயிர்க்கூச்செறிவது, குளிர்வது, பாதை காட்டும் அம்புக்குறிகளைத் தவறவிடுவது, நேர்கோட்டில் போக முடியாதது: இதில் ஒன்று வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். பேச்சு குழறினால், ஆள் தெரியாவிட்டால் அது வெப்பத் தாக்கு. ஹெல்மெட், கவசம் எல்லாம் கழற்றி, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்க வேண்டும், தலையை ஒருவர் தாங்கியபடி. தொட்டி இல்லையென்றால் இடைவிடாமல் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். 108-ஐ உடனே கூப்பிடுங்கள், ஆனால் குளிர்விப்பது அது வரும்வரை காத்திருக்கக் கூடாது. நினைவு தடுமாறுபவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டை இறக்காது. ரேஸுக்கு முன் ஐபுப்ரோஃபென் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். முந்தின இரண்டு மூன்று நாளில் காய்ச்சலோ பேதியோ இருந்திருந்தால் ஓட்டவே வேண்டாம்.

முடித்தபின், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் வீதம், நான்கைந்து மணி நேரத்தில் பரவலாகக் குடியுங்கள். உப்புப் போட்ட மோரும் சோறும் நன்றாகவே வேலை செய்யும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தால் தசை சிதைந்திருக்கலாம். விடியட்டும் என்று இருக்காமல், அன்று இரவே மருத்துவமனைக்குப் போங்கள்.