நெக்கைப் பார்த்து வாங்குங்கள்!
பழைய எலெக்ட்ரிக் கிட்டார்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அகௌஸ்டிக் கிட்டார் ஒரு வருடம் கற்றுக்கொண்டிருக்கிறேன். எலெக்ட்ரிக் வாங்க 12,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். ஓஎல்எக்ஸில் ஒரு ஸ்க்வையர் ஸ்ட்ராட்டும் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) ஒரு ஐபனெஸ் ஜியோவும் பார்த்து வைத்திருக்கிறேன். நேரில் போனால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
கல்லூரி மாணவர், பெரம்பூர்

பதில்: முதலில் பணத்தைப் பிரித்து வையுங்கள். கிட்டாருக்கு 8,000, சின்ன பழைய ஆம்புக்கு (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) 3,000, புது ஸ்ட்ரிங்குக்கும் சில்லறை வேலைக்கும் 1,000. மொத்தத்தையும் கிட்டாரிலேயே போட்டுவிட்டு, ஆம்ப் இல்லாமல் வீட்டு ஹோம் தியேட்டரில் செருகி வாசிப்பவர்கள் நிறைய. கிட்டார் பிக்கப்புக்கு (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் காயில்) 10 லட்சம் ஓம் அளவில் மின்தடை உள்ள இன்புட் வேண்டும். ஹோம் தியேட்டரின் ஆக்ஸில் அது கிடைக்காது. சத்தம் மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். நல்ல கிட்டாரையே மட்டம் என்று நினைத்துவிடுவீர்கள்.

நீங்கள் சொன்ன இரண்டுமே நம்பி வாங்கக்கூடிய வரிசைகள்தான். யமஹா பசிஃபிகா, கோர்ட் கிடைத்தாலும் விடாதீர்கள். பெயரைவிட, உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு கிட்டாரின் நெக்கும் (நீண்ட கழுத்து) ஃப்ரெட்டும் (அதில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) எப்படி இருக்கின்றன என்பதே முக்கியம். வயரிங் கோளாறு 200, 300 ரூபாயில் சரியாகிவிடும். முறுக்கிக்கொண்ட நெக்கைச் சரிசெய்ய நீங்கள் கொடுத்த விலையே போதாது.

போகும்போது ஒரு கேபிள், ட்யூனர் ஆப், விசிட்டிங் கார்டு, ஸ்டீல் ஸ்கேல், ஆலன் கீ (ஆறுபட்டைச் சாவி) செட் எடுத்துச் செல்லுங்கள். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும் பையில் இருக்கட்டும். பகல் வெளிச்சத்தில் போவது நல்லது.

கிட்டாரைக் கையில் வாங்கியதும் ட்யூன் செய்யுங்கள். ட்யூன் இல்லாமல் நெக்கைப் பார்ப்பது வீண். ஸ்ட்ரிங்கின் இழுவை இருந்தால்தான் நெக் தன் உண்மையான வளைவில் நிற்கும். பிறகு தடித்த ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டில் இடது கையாலும், நெக் பாடியோடு சேரும் இடத்தில், அதாவது 16 அல்லது 17-ஆவது ஃப்ரெட்டில், வலது கையாலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இப்போது ஸ்ட்ரிங்கே உங்களுக்கு ஒரு நேர்கோடு. 7, 8-ஆவது ஃப்ரெட் அருகே ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் விசிட்டிங் கார்டை நுழைக்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரிங்கை லேசாக உரசியபடி கார்டு போனால் இடைவெளி சுமார் 0.3 மி.மீ. அதுவே சரியான அளவு. 1 மி.மீ.க்கு மேல் திறந்திருந்தால் நெக் முன்பக்கம் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பின்பக்கம் வளைந்திருக்கலாம்.

இந்த இரண்டும் ட்ரஸ் ராட் (நெக்கின் உள்ளே ஓடும் இரும்புக் கம்பி) திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். அந்த ராட் வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. விற்பவரிடம் கேட்டு, ஆலன் கீயைப் போட்டுக் கால் சுற்று மட்டும் திருப்பிப் பாருங்கள். எந்த எதிர்ப்பும் இல்லாமல் சுழன்றுகொண்டே இருந்தாலோ, அசையவே மறுத்தாலோ, கிட்டாரை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அடுத்து, பிரிட்ஜ் (பாடியில் ஸ்ட்ரிங் அமரும் பகுதி) பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் இரண்டு விளிம்புகளையும் நீளவாக்கில் பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாகப் போகாமல் ஒரு பக்கம் தூக்கியிருந்தால் நெக் முறுக்கிவிட்டது. ட்ரஸ் ராட் முறுக்கலைச் சரிசெய்யாது. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

பிறகு ஃப்ரெட். முதல் மூன்று ஃப்ரெட்டில், மெல்லிய ஸ்ட்ரிங்குகளுக்குக் கீழே, நகத்தால் தடவுங்கள். கார்ட் (ஸ்வரக் கூட்டு) பிடித்துப் பிடித்துத் தேய்வது அங்கேதான். லேசான தடம் பரவாயில்லை, ஒருமுறை சமன் செய்துகொள்ளலாம். நகம் சிக்கி நிற்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது ஃப்ரெட் போடத்தான் வேண்டும். 8,000 ரூபாய் கிட்டாருக்கு அந்தச் செலவு கட்டாது. அதன்பின் ஆறு ஸ்ட்ரிங்கையும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, அவசரப்படாமல் வாசியுங்கள். ஏதாவது ஒரே ஓர் இடத்தில் ஸ்வரம் செத்துப்போனால் அதற்கு அடுத்த ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. மெல்லிய ஈ ஸ்ட்ரிங்கை 12-லிருந்து 15-ஆவது ஃப்ரெட் வரை வளைத்தும் பாருங்கள். சும்மா வாசிக்கும்போது மறைந்திருக்கும் குறை வளைக்கும்போது வெளியே வந்துவிடும்.

12-ஆவது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கின் உயரத்தை ஸ்கேலால் அளங்கள். தடித்த ஈ 2 மி.மீ., மெல்லிய ஈ 1.5 மி.மீ. அளவில் இருந்தால் கைக்குச் சுகம். கூடுதலாக இருந்தாலும் கலங்க வேண்டாம், சேடிலை (பிரிட்ஜில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் அமரும் சின்னத் துண்டு) இறக்கலாம்.

இறக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் நம் ஊருக்கே உரிய சோதனை. திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம் என்று கடலோரம் இருந்த கிட்டாரில் உப்புக்காற்று முதலில் பிடிப்பது சேடிலின் குட்டி ஸ்க்ரூக்களைத்தான். 1.5 மி.மீ. ஆலன் கீயை உள்ளே விட்டால் துரு தூளாகக் கொட்டி, கீ வழுக்கிக்கொண்டு சுற்றும். ஸ்க்ரூ இறுகிவிட்டால் அந்த கிட்டாரை செட்டப் செய்யவே முடியாது. புது சேடில் போடலாம்தான், ஆனால் முதலில் அளவு எடுக்க வேண்டும். ஸ்ட்ராட் வகையில் முதல் ஸ்ட்ரிங்கிலிருந்து ஆறாவது வரை 52.5 மி.மீ. வருவதும் உண்டு, 56 மி.மீ. வருவதும் உண்டு. ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் உட்காராது. துருவுக்காக 1,000 ரூபாய் குறைத்துக் கேட்பது நியாயமான பேரம்.

கடைசியில் மின்பகுதி. ஆம்பில் செருகி, பிக்கப் மாற்றும் ஸ்விட்சை ஒவ்வொரு நிலையிலும் வைத்து வாசியுங்கள். வால்யூம் திருப்பும்போது கரகரவென்றால் அது தூசு, கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை திருப்பினால் போய்விடும். கேபிளை ஆட்டும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால் ஜாக் தளர்ந்திருக்கிறது. நட்டை மட்டும் ஸ்பானரால் முறுக்கினால் ஜாக்கும் கூடவே சுற்றி, உள்ளே வயர் அறுந்துவிடும். பிளேட்டைக் கழற்றி ஜாக்கைப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள்.

ஆம்ப் இல்லாத வீடா? கேபிளை கிட்டாரில் செருகி, வால்யூமை முழுதும் வைத்து, மறுமுனையின் நுனியிலும் தண்டிலும் மல்டிமீட்டரை வையுங்கள். சிங்கிள் காயில் பிக்கப் 5 முதல் 7 கிலோ ஓம், ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்) 7 முதல் 9 கிலோ ஓம் காட்டும். சில ஹம்பக்கர்கள் 15 வரையும் போகும். 250 அல்லது 500 கிலோ ஓம் வந்தால் நீங்கள் பார்ப்பது வால்யூம் பாட்டின் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகின்) மின்தடை. பிக்கப்பின் காயிலோ அதற்குப் போகும் வயரோ அறுந்திருக்கிறது.

கேள்வி: ‘ஒரிஜினல் கிப்ஸன் லெஸ் பால், 18,000 ரூபாய்’ என்று ஒருவர் தருகிறார். பில் இல்லை. வாங்கலாமா?
வாசகர், வேளச்சேரி

பதில்: வேண்டாம். ட்ரஸ் ராட் மூடியைப் பாருங்கள். கிப்ஸனில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும், போலிகளில் பலவற்றில் மூன்று. மூடியைக் கழற்றினால் கிப்ஸனில் பித்தளை நட் தெரியும். ஆலன் கீ போடும் ஓட்டை இருந்தால் அது கிப்ஸன் இல்லை. சீரியல் நம்பர் இணையத்தில் சரியாக வருகிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள், உண்மையான நம்பரையே போலியில் போட்டுவிட முடியும். லெஸ் பால் உருவம்தான் பிடிக்கும் என்றால், கிப்ஸனின் சொந்த பிராண்டான எபிஃபோனைப் பழையதில் தேடுங்கள். வாங்குமுன் ஹெட்ஸ்டாக்கின் (ட்யூனிங் கீ உள்ள தலைப்பகுதி) பின்புறம், நட்டுக்கு (நெக்கின் மேல்முனையில் ஸ்ட்ரிங் அமரும் பட்டை) நேர் கீழே, மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கீழே விழுந்த லெஸ் பால் உடைவது அந்த இடத்தில்தான். மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தாலும் ஒட்டிய கிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அத்தை பையன் தன் பழைய கிட்டாரையும் ஆம்பையும் கொண்டுவந்து தருகிறேன் என்கிறான். இங்கே வேலை செய்யுமா?
வாசகி, மேடவாக்கம்

பதில்: கிட்டார் செய்யும். ஆம்பின் பின்புறம் என்ன எழுதியிருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகிய நொடியே கெட்டுவிடும். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும், ஆம்ப் இழுக்கும் வாட்ஸைப்போல் இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். பெட்டியின் எடையையும் ட்ரான்ஸ்ஃபார்மர் விலையையும் கணக்குப் பார்த்தால், கிட்டாரை மட்டும் கொண்டுவரச் சொல்லிவிட்டு ஆம்பை இங்கே வாங்குவதே லாபம்.

கேள்வி: வீணை வாசிப்பவள் நான். எலெக்ட்ரிக் கிட்டாரில் கமகம் பிடித்துப் பார்க்க ஆசை. பழையதில் எந்த வகை தேடட்டும்?
வாசகி, மயிலாப்பூர்

பதில்: அருமையான ஆசை. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பிரிட்ஜ். ஸ்ப்ரிங்கில் மிதக்கும் ட்ரெமலோ பிரிட்ஜில் ஒரு ஸ்ட்ரிங்கை இழுத்தால் பிரிட்ஜே முன்னால் சாய்ந்து மற்ற ஸ்ட்ரிங்குகளின் சுருதி இறங்கிவிடும். பக்கத்தில் ஸட்ஜமமும் பஞ்சமமும் மீட்டிக்கொண்டு வாசிக்கும்போது அது காதில் குத்தும். அசையாத பிரிட்ஜ் உள்ளதையே வாங்குங்கள். லெஸ் பால், டெலிகாஸ்டர் வகைகள் அப்படித்தான். ஸ்ட்ராட் வகைதான் கிடைத்தது என்றால், பின்பக்க மூடியைத் திறந்து ஐந்து ஸ்ப்ரிங்கையும் மாட்டி, அவற்றைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களையும் இறுக்குங்கள். பிரிட்ஜ் பாடியோடு படிந்து நின்றுவிடும்.

அடுத்தது ஸ்கேல் நீளம். ஸ்ட்ராட்டில் 25.5 அங்குலம், லெஸ் பாலில் 24.75. ஒரே சுருதியில் குட்டையான ஸ்கேலில் ஸ்ட்ரிங் தளர்வாக நிற்கும், இழுக்கச் சுலபம். அதில் 9-42 என்ற மெல்லிய ஸ்ட்ரிங் செட் போடுங்கள். ஃப்ரெட் உயரமாக இருக்கும் கிட்டாராகப் பாருங்கள். தேய்ந்து தட்டையான ஃப்ரெட்டில் விரல் மரத்தில் உரசும், ஸ்ட்ரிங் விரலுக்கடியில் நழுவிப்போகும்.

கேள்வி: பழைய ஆம்ப் வாங்கினேன். ம்ம்ம் என்று இரைச்சல். ஸ்ட்ரிங்கைத் தொட்டால் குறைகிறது. சில சமயம் கையில் சுர்ரென்கிறது. என்ன செய்வது?
வாசகர், தாம்பரம்

பதில்: இரண்டும் வேறு வேறு விஷயம். தொட்டால் இரைச்சல் குறைவது இயல்பு, கிட்டாரின் கிரவுண்ட் வயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ட்யூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர், மொபைல் சார்ஜர் பக்கத்திலிருந்து தள்ளி உட்கார்ந்தால் இன்னும் குறையும்.

கையில் சுர்ரென்பது ஆபத்து. இப்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஆம்பின் மூன்றாவது பின் உடைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது இரண்டு பின் அடாப்டரில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பின் சரியாக இருந்தால் வீட்டு சாக்கெட்டில் எர்த் வருகிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். அங்கேயும் குறை இல்லையென்றால் ஆம்பின் உள்ளே கசிவு. ஆம்ப் வேலை தெரிந்த மெக்கானிக் திறந்து பார்க்கும்வரை அதைத் தொடாதீர்கள்.