பின்னால் நின்றவரின் கிட்டார்

அன்புள்ள ஐயா,

ஏசி டிசி ராக் குழுவின் ‘பவர் அப்’ ஆல்பத்தை இப்போதுதான் முழுமையாகக் கேட்டேன். 2020இல் அது வெளிவந்தபோது மாபெரும் மீள்வருகை என்று கொண்டாடினார்கள். எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. இத்தனை ஆண்டுகளாக இவர்கள் ஒரே பாட்டைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். அறுபத்தைந்து வயதில் பள்ளிச் சீருடை அணிந்து குதிப்பதும், இறந்துபோன அண்ணனின் மிச்சங்களை எடுத்து விற்பதும் உறுத்துகின்றன. ஒரு குழு எப்போது நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் நீங்கள் சொல்லும் அந்த அண்ணன், கிட்டார் கலைஞர் மால்கம் யங்கைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால், ‘ஒரே பாட்டு’ என்று கண்ட இடத்திலேயே கடிதத்தை மூடி வைத்திருப்பேன்.

சீருடையை முதலில் முடித்துவிடுகிறேன். அது மால்கமின் தம்பி ஆங்கஸுக்கு அக்கா மார்கரெட் கொடுத்த யோசனை. எழுபதுகளிலிருந்தே ஆங்கஸ் அந்த வேடத்தில்தான் மேடையேறுகிறார். வேடம் கட்டுபவரிடம் வயதுச் சான்றிதழ் கேட்பது அலுவலகப் புத்தி. விற்பனையைப் பற்றியும் என்னிடம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆல்பம் என்றால் விற்கத்தான் போடுவார்கள். ஆனால் ‘மிச்சங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை.

கிளாஸ்கோவிலிருந்து 1963இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம் அவர்களுடையது. மால்கமும் தம்பி ஆங்கஸும் சேர்ந்து 1973இல் சிட்னியில் தொடங்கிய இந்தக் குழுவில் கண்ணுக்குத் தெரிந்தவர் தம்பி. குழுவை நடத்தியவர் அண்ணன். அவர்களுடைய பழைய மேடைக் காணொளி எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். ஆங்கஸ் ஓடுவார், உருளுவார், ஒற்றைக் காலில் துள்ளுவார். மால்கமோ டிரம்ஸுக்குப் பக்கத்தில், ஆம்ப்ளிஃபயர் அடுக்கை ஒட்டியபடி நின்று வாசித்துக்கொண்டிருப்பார். பல்லவி வரும்போது மைக் வரை வந்து சேர்ந்து பாடுவார். பாடி முடித்ததும் மறுபடியும் பழைய இடத்துக்கே போய்விடுவார். அவருடைய க்ரெட்ஷ் கிட்டாரில் பிரிட்ஜை ஒட்டிய பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றி எறிந்திருந்தார். அவை இருந்த குழிகள் காலியாகவே தெரியும். அதில் கனத்த கம்பிகளைப் பூட்டி, ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனைக் குறைவாக வைத்து வாசித்தார். ஹார்ட் ராக் என்றாலே கரகரப்பு என்று நினைப்பவர்கள் அந்த ஒலியைத் தனியாகக் கேட்டால் திகைத்துப்போவார்கள். பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் கார்டில் ஒவ்வொரு கம்பியும் பிரிந்து கேட்கும். பிசகினால் ஒளிந்துகொள்ள இடமே இல்லாத வாசிப்பு அது.

இதை எனக்குக் காதால் அல்ல, கையால் புரியவைத்தவர் கல்லூரி விடுதியில் மேல்மாடியில் இருந்த ஓர் அண்ணன். ‘பேக் இன் பிளாக்’ பாடலின் தொடக்க ரிஃப்பை, திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் துணுக்கை, அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். ஈ, டி, ஏ என்று மூன்றே கார்டுகள். பழகத் தொடங்கியவன்கூட ஒரு மாலையில் பிடித்துவிடலாம். நானும் பிடித்தேன். ஆனால் முதல் கார்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள இடைவெளியில் என் கை பொறுக்காது, எதையாவது தட்டிவிடும். ஒவ்வொரு முறையும் அண்ணன் என் மணிக்கட்டில் ஓர் அடி வைப்பார். “தம்பி, அடிக்கிறதை எவனும் அடிப்பான். அடிக்காம நில்லு பார்ப்போம்” என்பார். கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கி ஒலியைச் சட்டென்று கொன்றுவிட்டு, டிரம்ஸ் மட்டும் அந்த வெற்றிடத்தில் நடந்து வரும்வரை காத்திருப்பதற்கு எவ்வளவு தன்னடக்கம் வேண்டும் என்பது அந்த அடிகளில்தான் எனக்கு உறைத்தது. அந்த அண்ணன் விடுதி ஆண்டு விழாவிலும் பின்வரிசையில் நின்றுதான் வாசித்தார். கைதட்டல் முழுவதும் முன்னால் நின்று லீட் வாசித்தவனுக்குப் போனது.

ஆகவே ‘ஒரே பாட்டு’ என்ற குற்றச்சாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அது நீங்கள் கண்டுபிடித்ததல்ல. அரை நூற்றாண்டாகப் பத்திரிகை விமர்சகர்கள் கைமாற்றிக்கொண்டு வரும் தேய்ந்த காசு. சில கார்டுகள், நேரான நான்கு தாளம், ப்ளூஸிலிருந்து வந்த சில சுரங்கள், இவ்வளவையும் வைத்துக்கொண்டு வேறு எதையும் சேர்க்க மறுத்தார் மால்கம். எண்பதுகளில் மற்றக் குழுக்கள் கீபோர்டையும் சிந்தசைசரையும் கொண்டுவந்து குவித்தபோதும் அவர் அசைந்துகொடுக்கவில்லை. எதை எங்கே நிறுத்துவது, எந்த அடியை ஒரு மயிரிழை தள்ளி வைப்பது என்பதில்தான் அவருடைய புதுமை இருந்தது. பாட்டுக்குப் பாட்டு மாறுவது அது மட்டுமே. அதைக் கேட்கப் பொறுமை இல்லாதவர்கள் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்லிவிட்டு எழுந்துபோகிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருவர் இல்லை என்று நம்ப விரும்புகிறேன். இல்லையென்றால் இத்தனை வேலை மெனக்கெட்டு எழுதியிருக்க மாட்டீர்கள்.

அந்த மனிதருக்குத்தான் நினைவு தப்பத் தொடங்கியது. 2008இல் தொடங்கிய ‘பிளாக் ஐஸ்’ ஆல்பச் சுற்றுப்பயணத்தின்போதே, தானே இயற்றிப் பல்லாண்டுகள் வாசித்த ரிஃப்களை அவர் மேடையேறும் முன் மறுபடியும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கற்றுக்கொண்டு, மேடையேறி, வாசித்தார். 2010 ஜூனில் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் நடந்ததுதான் அவருடைய கடைசிக் கச்சேரி. 2014இல் அவர் இனித் திரும்ப மாட்டார் என்று குழு அறிவித்தது. 2017 நவம்பரில் அறுபத்து நான்காம் வயதில் காலமானார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் மூத்த அண்ணன் ஜார்ஜ் யங்கும் போயிருந்தார். நடுவில், கேட்கும் திறன் குறைந்ததால் பாடகர் பிரையன் ஜான்சன் 2016இல் பயணத்தின் பாதியில் விலகினார், டிரம்மர் பில் ரட் வழக்கில் சிக்கிக் குழுவுக்கு வெளியே இருந்தார், பேஸ் வாசித்த கிளிஃப் வில்லியம்ஸ் ஓய்வை அறிவித்தார். மீள்வருகை என்று விளம்பரம் சொன்னதற்குப் பின்னால் இருந்தது இந்த இடிபாடு.

இத்தனைக்கும் பிறகு அவர்களை வான்கூவர் ஸ்டூடியோவில் ஒன்றுசேர்த்தது, அண்ணனும் தம்பியும் ‘பிளாக் ஐஸு’க்கு முன் சேர்ந்து உருவாக்கிப் பயன்படுத்தாமல் விட்டிருந்த ரிஃப்கள். ஆங்கஸ் அவற்றைத் தேடி எடுத்தார். பன்னிரண்டு பாடல்களும் ஆங்கஸ், மால்கம் இருவர் பெயரிலேயே வெளிவந்தன. மால்கமின் இடத்தில் நின்று வாசித்தவர் இன்னோர் அண்ணனின் மகன் ஸ்டீவி. (சித்தப்பாவான ஆங்கஸுக்கும் அவருக்கும் வயதில் அதிக வித்தியாசம் கிடையாது, பெரிய குடும்பங்களில் இப்படித்தான்.) 1988இல் மால்கம் குடிப்பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சைக்குப் போனபோதும் அவர்தான் வந்து நின்றார். குடும்பச் சொத்தை எடுத்துக் குடும்பத்தார் பயிரிட்டிருக்கிறார்கள். இதை ‘மிச்சம்’ என்று எழுத உங்கள் பேனா எப்படி இடம் கொடுத்தது?

ஆல்பத்தின் பின்பாதியில் சில பாடல்கள் வெறும் சக்கை என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ‘த்ரூ த மிஸ்ட்ஸ் ஆஃப் டைம்’ ஒன்றுக்காக அவற்றைப் பொறுத்துக்கொள்வேன். எப்போது நிறுத்துவது என்று கேட்டிருந்தீர்கள். 1980 பிப்ரவரியில் பாடகர் பான் ஸ்காட் இறந்தபோதே அவர்கள் நிறுத்தியிருக்கலாம். அவ்வாண்டு ஜூலையில் ‘பேக் இன் பிளாக்’ ஆல்பம் வந்தது. இதற்குமேல் அந்தக் கேள்வியில் எனக்கு ஆர்வம் இல்லை.

நல்ல ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு அந்தப் பழைய ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு கிட்டார்களும் ஆளுக்கொரு காதில் பிரிந்து ஒலிக்கும். ஆங்கஸ் லீடில் பறக்கும்போது அவரோடு போய்விடாமல், மற்றக் காதில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள், கட்டாயம் பதில் போடுகிறேன். அதுவரை ‘ஒரே பாட்டு’ என்று எனக்குக் கடிதம் வேண்டாம்.