காலையில் முரண்டு பிடிக்கும் டர்போ டீசல்: பம்ப்பை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2005 மாடல் டர்போ டீசல் கார் இருக்கிறது, கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத பழைய ரோட்டரி டீசல் பம்ப். இரண்டு மாதமாகக் காலையில் ஐந்தாறு முறை செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. ஆனதும் வெள்ளைப் புகை கக்கிக் குலுங்குகிறது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. தேனிக்குப் போகும்போது ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தில் பிக்கப்பும் இல்லை. மெக்கானிக் பம்ப் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்கிறார். பில் வேண்டாம் என்றால் விலை குறையுமாம். மாற்றட்டுமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: இப்போது மாற்றாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கோளாறு பம்ப்புக்கு டீசல் வரும் வழியிலேயே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இந்த வகை பம்ப், தனக்குள்ளேயே இருக்கும் சின்ன வேன் பம்ப்பை (சுழலும் தகடுகள் கொண்டது) வைத்து டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சும் பக்கம் குழாயில் முடி அளவு வெடிப்பு இருந்தாலும் போதும், ராத்திரி வண்டி நிற்கும்போது ஏர் எடுத்து, லைனில் இருக்கும் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் அந்தக் காற்றைத் தள்ளிவிட்டு டீசலை மறுபடி இழுத்து வரத்தான் அத்தனை செல்ஃப். கீழே ஒரு சொட்டு டீசல் கூட ஒழுகியிருக்காது, அதனால்தான் பலரும் இதில் ஏமாந்து பம்ப் மேல் பழியைப் போடுகிறார்கள்.

உள்ளே தெரிகிற டீசல் டியூப் ஒரு முழம் வாங்கி, பம்ப்புக்கு டீசல் வரும் இடத்தில் ஒரு துண்டும் மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்னில் ஒரு துண்டும் மாலையில் மாட்டச் சொல்லுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பாருங்கள். வரும் பக்கமே குமிழி ஓடினால் ரப்பர் ஹோஸ், கிளிப், ஃபில்டர் சீல், ஹேண்ட் பம்ப், செம்பு வாஷர், இவற்றில் ஒன்றுதான். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. வரும் பக்கம் சுத்தமாக இருந்து ரிட்டர்னில் மட்டும் குமிழி வந்தால் பம்ப்பின் சீல் போயிருக்கிறது, அதற்கும் சீல் கிட் போட்டால் போதும், முழு பம்ப் தேவையில்லை. 2020 ஏப்ரலிலிருந்து வரும் பி.எஸ்.6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு)தான், உங்கள் கார் வந்த காலத்தில் அது பல மடங்கு. டீசலின் தன்மை இப்படி மாறும்போது பழைய ரப்பர் சீல் சுருங்கிக் கசிவது உண்டு.

வெள்ளைப் புகைக்கு, ஸ்டார்ட் ஆகும்போது இன்ஜினுக்குள் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக் நான்கையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், ஒன்றிரண்டு செத்திருந்தாலும் இப்படித்தான் குலுங்கும்.

பிக்கப்புக்கு முதலில் டீசல் ஃபில்டரை மாற்றுங்கள், அதன் அடியில் தேங்கிய தண்ணீரையும் இறக்கிவிடுங்கள். அப்புறம் டர்போ ஹோஸ்கள். பம்ப்பின் மேல்பகுதியில் டர்போ காற்றுக்கு ஏற்ப டீசலைக் கூட்டும் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) இருந்தால் அதற்குப் போகும் மெல்லிய ஹோஸையும் பாருங்கள், அது கிழிந்தால் ஏற்றத்தில் வண்டி இழுக்கவே இழுக்காது. இன்ஜெக்டர் லைன் நட்டைத் தளர்த்தி யாராவது சோதித்தால் உங்கள் கையை அருகே கொண்டுபோகாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

நல்ல சூட்டில் நிறுத்தி எடுத்தால் ஸ்டார்ட் ஆகிறதா என்று நீங்கள் எழுதவில்லை, அதுதான் முக்கியம். ஹெட் (டீசலை அழுத்தி இன்ஜெக்டர்களுக்கு அனுப்பும் பகுதி) தேய்ந்த பம்ப், டீசல் சூடாகி நீர்த்துப்போகும் வேளையில்தான் மக்கர் செய்யும். மத்தியான வெயிலில் ஓட்டிவிட்டு நிறுத்திப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பம்ப் ஹெட் மேல் ஈரத் துணி போட்டுக் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். அதன் பிறகு பிடித்துக்கொண்டால், சரி, மெக்கானிக் சொன்னது உண்மைதான்.

அப்போதும் நேரே மாற்ற வேண்டாம், டீசல் பம்ப் கடையில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி ரீடிங்கை எழுதி வாங்குங்கள், வேலை முடிந்ததும் மறுபடி ஒரு ரீடிங். கழற்றும் முன், பம்ப் இருந்த நிலையிலேயே திரும்ப மாட்ட டைமிங் மார்க் போடச் சொல்லுங்கள். எஸ்டிமேட் எழுத்தில் வேண்டும், மாற்றிய பழைய பாகங்களும் உங்கள் கைக்கு வர வேண்டும்.

பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். அது இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் பம்ப் மறுபடி போனால் வாரண்டி கேட்க ஆதாரமே இருக்காது. பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான வணிக முறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துச் சொல்லலாம். மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.