கரையோரம் நாயோடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடலோர ஊர்களில் நாயை எங்கே, எப்போது கூட்டிப் போகலாம் என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை வேறு எதையும் எடுக்கவில்லை, பக்கம் முழுக்க இதுதான்.

கேள்வி: பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குக் குடிவந்திருக்கிறோம். மூன்று வயது லேப்ரடார் இருக்கிறது. அங்கே தினமும் ஏரிப் பூங்காவில் நடந்து பழகியது, இங்கே மதியம் வெளியே போனாலே மூச்சிரைக்கிறது. எங்கே கூட்டிப் போவது?
(ஒரு வாசகி, புதுச்சேரி)

பதில்: மதியம் கூட்டிப் போகவே கூடாது, முதலில் அதை நிறுத்துங்கள். நாய்க்கு நம்மைப்போல உடம்பு முழுக்க வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும், அதுவும் காற்றில் ஈரம் கூடிவிட்டால் சரியாக நடக்காது. அதனால் பெங்களூரில் 32 டிகிரியைத் தாங்கிய நாய், கடற்கரை ஊரின் புழுக்கத்தில் அதே 32 டிகிரியில் தவித்துப்போகும். வெளியே இறங்கும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்தாறு வினாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது. கத்திரி வெயில் மாதத்தில் காலை ஆறரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும், சாயங்காலம் சூரியன் மறைந்தும் கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும், ஏனென்றால் தார்ச்சாலை சீக்கிரத்தில் ஆறாது.

சரி, இடத்துக்கு வருவோம். உங்கள் ஊரில் இதற்கு முதல் இடம் பீச் ரோடுதான். மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் விடிகாலையில் காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை நிம்மதியாக நடக்கலாம். ஆனால் கரையோரம் கொட்டியிருக்கும் கருங்கற்கள் மேல் ஏறவிடாதீர்கள். பாசி வழுக்கும், இடுக்கில் கால் மாட்டினால் எலும்பு முறியும், கற்களுக்கு நடுவே உடைந்த பாட்டில் வேறு கிடக்கும். ஞாயிறு மாலையில் அந்தப் பக்கமே போக வேண்டாம், கூட்டத்தில் நாய்க்கும் சுகமில்லை, குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் சுகமில்லை.

மணலில் ஓட வேண்டும் என்றால் சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரை உங்கள் நினைவுக்கு வரும். சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றிதழ் அதற்கு 2021-இல் கிடைத்தது, அந்தச் சான்றிதழின் நிபந்தனைகளில் ஒன்றே நாய் உள்ளிட்ட வளர்ப்பு விலங்குகளைக் கட்டுப்படுத்துவது. அதே ஆண்டில் அந்தச் சான்றிதழைப் பெற்ற, சென்னைக்கு அருகிலுள்ள கோவளத்துக்கும் இது பொருந்தும். அங்கெல்லாம் வாசலில் நின்று காவலரிடம் வாதாட வேண்டாம். ஊசுட்டேரியும் வேண்டாம், அது பறவைகள் சரணாலயம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சவுக்குத் தோப்புகள் உங்கள் லேப்ரடாருக்கு ரொம்பப் பிடிக்கும். நிழல் இருக்கும், தரை மெத்தென்று இருக்கும். தோப்பின் சொந்தக்காரரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், வீடு வந்ததும் காது மடல், அக்குள், விரலிடுக்கு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். எர்லிக்கியா, பபீசியா இரண்டும் நம் ஊர் நாய்களுக்கு உண்ணியால் சாதாரணமாக வருகிறவை. சாப்பாட்டை வெறுத்து, காய்ச்சலோடு, ஈறு வெளுத்துப் படுத்துக்கொண்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

கேள்வி: பெசன்ட் நகரில் இரவு பத்து மணிக்கு மேல்தான் எனக்கு நேரம் கிடைக்கும். கூட்டமே இல்லாத அந்த நேரத்தில் கடற்கரையில் நாயை அவிழ்த்து விடுவேன். பிப்ரவரியில் ஒரு நாள் இளைஞர்கள் சிலர் வந்து, நாயைக் கட்டுங்கள், முடிந்தால் இந்தப் பக்கமே கூட்டிவராதீர்கள் என்றார்கள். பொது இடத்தில் இவர்கள் யார் கேட்க?
(ஒரு வாசகர், சென்னை)

பதில்: அவர்கள் கேட்டது முழுக்க நியாயம். நீங்கள் சொல்லும் அதே மணலில் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இரவில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வருகின்றன. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைத் தேடி எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் பத்திரப்படுத்தும் வேலையை மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988-இலிருந்து செய்துவருகிறது. வனத்துறையும் பொரிப்பகங்கள் வைத்திருக்கிறது. நீங்கள் பார்த்தவர்கள் அப்படி நடக்கிறவர்களாக இருக்கலாம்.

அந்த இரவில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே மனசு வராது. கனத்த உடம்பை இழுத்துக்கொண்டு ஆமை மணலில் ஏறுகிறது. வெளிச்சமோ ஆளோ நாயோ தட்டுப்பட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். நிம்மதியாக விட்டால் பின்கால்களால் குழி தோண்டி நூறுக்கு மேல் முட்டை இட்டு, மூடிவிட்டுப் போகும். மனிதக் கண்ணுக்கு அந்த இடம் தெரிவது கஷ்டம், நாயின் மூக்குக்கு ஒரு நிமிஷம் போதும். கடற்கரையில் கூடுகளைத் தோண்டித் தின்பதில் நாய்களுக்குப் பெரிய பங்கு உண்டு, வீட்டில் கோழிச்சோறு சாப்பிடும் நாய் தோண்டாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஒன்றரை, இரண்டு மாதத்தில் குஞ்சுகள் வெளியே வரும்போது இன்னும் மோசம், கையளவுகூட இல்லாத அவை கடலை நோக்கி ஓடும் அந்தக் கொஞ்ச தூரத்தில் உங்கள் நாய்க்கு அது விளையாட்டுப் பொம்மை மாதிரிதான் தெரியும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வலையிலிருந்து தப்பி வருகிற ஆமையாவது நிம்மதியாக முட்டையிட்டுவிட்டுப் போகட்டும்.

அதனால் ஜனவரி முதல் மே வரை இரவில் மணலுக்கு நாயைக் கொண்டுபோகாதீர்கள். நடைபாதையில் நடத்துங்கள், தெருவில் நடத்துங்கள். பகலில் மணலில் இறங்கினாலும் லீஷ் கையில் இருக்க வேண்டும். நேரமே இல்லை என்கிற உங்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால் அந்த நாலைந்து மாதத்துக்கு அரை மணி முன்னால் எழுந்துகொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: நாகப்பட்டினத்தில் இருக்கிறோம், தினமும் கடற்கரை வாக்கிங் உண்டு. ஹஸ்கி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பனியில் வண்டி இழுக்க வளர்த்த நாயின் இரட்டை ரோமம் நாகையின் ஈரக்காற்றில் அதற்குத் தண்டனை. கூடவே நடக்க ஒரு தோழன் வேண்டும் என்றால் தெருவில் பிறந்த குட்டியை எடுங்கள், அதன் உடம்பு இந்த வெயிலுக்குப் பழகியது.

கேள்வி: என் சிப்பிப்பாறை நாயைச் செம்மணல் மேடான தேரிக்காட்டுக்குக் கூட்டிப் போய் அவிழ்த்து விட்டால் பறக்கிறது. பார்க்கவே ஆனந்தமாக இருக்கிறது. நண்பர் ஒருவர் இது தப்பு என்கிறார்.
(ஒரு வாசகர், திருச்செந்தூர் பக்கம்)

பதில்: சிப்பிப்பாறை ஓடுவதைப் பார்ப்பது ஆனந்தம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது கண்ணால் பார்த்து விரட்டும் இனம். தூரத்தில் முயல் அசைந்தால் போதும், அப்புறம் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது. நாயை விட்டு முயலையோ மயிலையோ பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைதான், ‘நான் ஏவவில்லை, அதுவாக ஓடியது’ என்பது அங்கே எடுபடாது. அப்புறம் தேரியின் செம்மண் எட்டு மணிக்கெல்லாம் கொதிக்க ஆரம்பித்துவிடும். சுருட்டை விரியன் இருக்கும் காடு அது, மண்ணோடு மண்ணாகக் கிடந்தால் தெரியாது. கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறிவிடுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, பாம்பு விஷமுறிவு மருந்து இருக்கும் கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள், எந்த மருத்துவமனையில் அது இருக்கிறது என்று இன்றைக்கே போன் செய்து கேட்டு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

ஓடவிட ஆசை என்றால் வேலி அடைத்த தோட்டம் ஒன்றைப் பாருங்கள். இல்லாவிட்டால் பத்துப் பதினைந்து மீட்டர் நீளக் கயிற்றை, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸில் மாட்டி விடுங்கள். கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள், முழு வேகத்தில் ஓடிக் கயிறு சுண்டினால் அந்த மெலிந்த கழுத்து தாங்காது.

கேள்வி: எங்கள் பூங்காவில் நாயை விட மறுக்கிறார்கள். சட்டப்படி தடுக்க முடியாதாமே?

பதில்: எந்தப் பூங்கா என்று நீங்கள் எழுதவில்லை. கிண்டி போன்ற தேசியப் பூங்காவோ, கோடியக்கரை போன்ற சரணாலயமோ என்றால் பேச்சே இல்லை. மான்கள் இருக்கும் இடத்தில் நாயின் குரைப்பே அவற்றுக்குச் சாவுபயம், நாயிடமிருந்து காட்டு விலங்குகளுக்கு டிஸ்டெம்பர் மாதிரி நோய்களும் பரவும். குடியிருப்புப் பூங்கா என்றால் கதை வேறு. வளர்ப்பு நாய்களைப் பூங்காவிலிருந்து ஒரேயடியாக விலக்க வேண்டாம், நேரம் ஒதுக்கிக் கொடுங்கள் என்றுதான் இந்திய விலங்குகள் நல வாரியம் குடியிருப்போர் சங்கங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதையே கேளுங்கள். காலை ஐந்தரை முதல் ஆறரை வரை போதும் என்று, தடுப்பூசிச் சான்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்ப் பேசினால் பல சங்கங்கள் இறங்கி வருகின்றன. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் நாய்க்கு உரிமம் கட்டாயம், அது இல்லாமல் உரிமை பேசப் போகாதீர்கள்.

‘என் நாய் ஒன்றும் செய்யாது’ என்று சொல்லிக்கொண்டே லீஷ் இல்லாமல் வருகிறவர்களால்தான் பாதிக் கதவுகள் மூடப்படுகின்றன. நாயைக் கவனிக்காமல் விட்டு அடுத்தவருக்கு ஆபத்து வந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு.

கேள்வி: தெருநாய்கள் கூட்டமாக வந்து சூழ்ந்துகொள்கின்றன. கம்பு எடுத்துப் போகலாமா?

பதில்: அடிக்கக் கூடாது. அடித்தால் நாளைக்கு உங்களைக் கண்டதுமே குரைக்கும். அது அவற்றின் எல்லை, புது நாய் நுழைந்தால் யார் என்று கேட்கத்தான் வரும். லீஷை இறுக்கி இழுத்தால் உங்கள் பதற்றம் கயிறு வழியாக உங்கள் நாய்க்கு ஏறிவிடும், தளர்த்திப் பிடியுங்கள், ஓடாதீர்கள், அவற்றை முறைத்துப் பார்க்காதீர்கள், குறுக்கே நடந்து அடுத்த தெருவுக்கு மாறிவிடுங்கள். அந்த நாய்களுக்குத் தினமும் சோறு போடுகிறவரிடம் பழகி வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீறி உங்கள் நாய் கடிபட்டுவிட்டால், கையுறை போட்டுக்கொண்டு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். ஏற்கெனவே தடுப்பூசி போட்டிருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போய் மறுபடி ஊசி போட வேண்டும். உங்களுக்குக் கீறல் பட்டிருந்தாலும் இதே கழுவல்தான், உடனே அரசு மருத்துவமனை. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது இல்லை என்பதே நிலைமை, இதில் அலட்சியத்துக்கு இடமே கிடையாது.

கேள்வி: கரையில் கிடக்கும் மீனைத் தின்றுவிடுகிறது, கடல் தண்ணீரையும் குடிக்கிறது. பரவாயில்லையா?

பதில்: இரண்டுமே ஆபத்து. வலையிலிருந்து கழித்துப் போட்டதில் பேத்தை மீன் இருக்கும், அதன் விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. கெளுத்தியின் முள் தொண்டையில் மாட்டும், சில மீனின் வாயில் தூண்டில் முள் அப்படியே இருக்கும். உப்புத் தண்ணீர் வயிற்றுப்போக்கில் ஆரம்பித்து, அதிகம் போனால் வலிப்பு வரை கொண்டுபோகும். நல்ல தண்ணீர் ஒரு பாட்டில், ஒரு கிண்ணம், இது இல்லாமல் மணலில் இறங்காதீர்கள். ‘போடு’ என்றால் வாயிலிருப்பதைப் போடப் பழக்குங்கள், பதிலுக்கு அதைவிட ருசியான ஒன்றைக் கொடுத்துப் பழக்கினால் சீக்கிரம் வரும். சொறி மீன் (ஜெல்லி மீன்) ஒதுங்கியிருக்கும் நாளில் திரும்பி வந்துவிடுங்கள். பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீராலேயே அலசிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் குப்பத்துக் கரைக்கு ஞாயிறு காலையில் காரில் வந்து நாய்களை அவிழ்த்து விடுகிறார்கள். வலையில் மூத்திரம் போகிறது, காயப்போட்ட கருவாட்டை மிதிக்கிறது. சொன்னால் ‘பீச் எல்லாருக்கும் பொது’ என்கிறார்கள். நீங்களாவது எழுதுங்கள்.
(ஒரு மீனவ வாசகி, கிழக்குக் கடற்கரைச் சாலை)

பதில்: எழுதுகிறேன் அம்மா, உங்கள் கோபம் எனக்கும் இருக்கிறது. நாய் வளர்க்கும் வாசகர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மணல் அவர்கள் வேலை செய்யும் இடம். அங்கே விரித்திருப்பது அவர்கள் கடன் வாங்கி வாங்கிய வலை, காய்வது அவர்கள் வீட்டு வருமானம். கரைவலை இழுக்கும் நேரத்தில் அந்தக் கயிற்றுக்கு நடுவே ஒரு நாய் ஓடினால் இழுக்கிற அத்தனை பேரும் தடுமாறுவார்கள். படகு நிற்கும் இடத்தையும் வலைக்கூடத்தையும் சுற்றிக்கொண்டு போய், ஆள் இல்லாத இடத்தில் ஈர மணலில் நடங்கள், லீஷ் கையிலேயே இருக்கட்டும். முதல் நாள் அங்கே இருக்கிற பெரியவர் ஒருவரிடம் எந்தப் பக்கம் நடக்கலாம் என்று கேட்டுவிடுங்கள், அலையின் இழுப்பு எங்கே மோசம் என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

கழிவை மணலில் மூடிவிட்டுப் போவதும் கூடாது. அதிலிருக்கும் கொக்கிப்புழுவின் முட்டைகள் ஈர மணலில் புழுவாகி, வெறுங்காலோடு விளையாடும் குழந்தைகளின் தோலுக்குள் நுழைந்து வரிவரியாக அரிப்பை உண்டாக்கும். அந்தக் கரையில் விளையாடுவது யார் வீட்டுக் குழந்தைகள் என்று யோசித்துப் பாருங்கள். பையில் அள்ளி, காரிலேயே வைத்து எடுத்துப் போய் உங்கள் வீட்டுக் குப்பையில் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்குக் குடற்புழு மருந்தும் கொடுங்கள். அம்மா, அடுத்த முறை யாராவது ‘பொது’ என்றால் இந்தப் பக்கத்தை வெட்டிக் கையில் கொடுங்கள்.