ஆறு மணிக்குச் சாத்திய கடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய வானொலிப் பெட்டிகள் பற்றிய உங்கள் கட்டுரையில், 1950களில் பிரிட்டனில் தொலைக்காட்சி மாலை ஆறு முதல் ஏழு மணி வரை இருண்டு கிடந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஜனங்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் யாராவது கடையைச் சாத்துவார்களா? மின்சாரத் தட்டுப்பாடா, பணத் தட்டுப்பாடா? சிறு வயதில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என்பதால் கேட்கிறேன். அந்தக் காலத்து முழு நாள் ஒளிபரப்பு ஒன்றை இப்போது எங்காவது பார்க்க முடியுமா?

ஆர்., திருநெல்வேலி

அன்புள்ள ஆர்.,

இரண்டும் காரணம் இல்லை. குழந்தைகளைத் தூங்க வைக்கத்தான் சாத்தினார்கள்.

ஐந்து மணிக்குச் சிறுவர் நிகழ்ச்சி தொடங்கும், ஆறுக்கு முடியும். பிறகு ஒரு மணி நேரம் ஒன்றும் கிடையாது. அதற்குள் அம்மாக்கள் சின்னதுகளைப் படுக்க வைத்துவிட வேண்டும், பெரியதுகள் வீட்டுப்பாடத்தை முடித்துவிட வேண்டும். இதற்கு ‘டாட்லர்ஸ் ட்ரூஸ்’ என்று பெயர். மழலைப் போர்நிறுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளிபரப்பு நேரத்துக்கு உச்சவரம்பு விதிக்கும் அதிகாரம் அன்று தபால்துறை அமைச்சரிடம் இருந்தது. தொலைக்காட்சிக்கான லைசென்ஸையும் தபால் நிலையத்தில்தான் வாங்க வேண்டும்.

பிபிசிக்கு இந்த ஏற்பாட்டில் மனக்குறை இல்லை. விளம்பரம் இல்லாத நிறுவனத்துக்கு ஒரு மணி நேரம் மூடிக்கிடந்தால் செலவு மிச்சம். 1955 செப்டம்பர் 22 அன்று விளம்பர வருமானத்தை நம்பி ஐடிவி என்ற தனியார் ஒளிபரப்பு வந்ததும் கணக்கு மாறியது. காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்கு நஷ்டம். அப்போது தபால்துறை அமைச்சராக இருந்தவர் சார்லஸ் ஹில். அசல் மருத்துவர், போர்க்காலத்தில் ‘வானொலி டாக்டர்’ என்ற பெயரில் மலச்சிக்கலுக்கு என்ன சாப்பிடலாம் என்பது வரை நாட்டுக்கே யோசனை சொன்னவர். குழந்தையைத் தூங்க வைப்பது பெற்றோர் வேலை, அரசாங்கத்தின் வேலை இல்லை என்று அவர் முடிவு கட்டினார். 1957 பிப்ரவரி 16, சனிக்கிழமை அந்த இடைவெளி முடிவுக்கு வந்தது. அன்று மாலையே பிபிசி அந்த நேரத்தில் இளைஞர்களுக்கான ஒரு பாட்டு நிகழ்ச்சியைப் போட்டது. பிள்ளைகள் எத்தனை மணிக்குத் தூங்கினார்களோ, பாவம்.

நீங்கள் அந்த ஒரு மணியை மட்டும் கேட்கிறீர்கள். அன்றைய நாள் முழுக்கவே ஓட்டைதான். பிற்பகலில் சின்னக் குழந்தைகளுக்குக் கால் மணி நேரம் பொம்மலாட்டம். செவ்வாய் என்றால் ‘ஆண்டி பாண்டி’ என்ற பொம்மை. அதற்கு முன்னும் பின்னும் திரை காலிதான். இரவு நிகழ்ச்சிகளுக்கு நடுவிலும் இடைவெளி விழும். எல்லாம் நேரலை என்பதால் அரங்கை மாற்ற வேண்டும், காமிராவை நகர்த்த வேண்டும், சில நேரம் எதுவோ பழுதாகும். அப்போது போடுவதற்கென்றே சில குறும்படங்கள் வைத்திருந்தார்கள். பூனைக்குட்டி நூல் உருண்டையோடு விளையாடும். காற்றாலை சுற்றும். எனக்குப் பிடித்தது குயவர் சக்கரம். முகம் தெரியாது, இரண்டு கைகள் மட்டும். ஈரக் களிமண் மேலே எழும், விரிவடையும், மறுபடி குறுகும். பானை முழுசாகி இறங்கியதே கிடையாது! நம் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டையைவிட மரியாதையான வருத்தம் என்று எனக்குத் தோன்றும்.

மறுஒளிபரப்பு என்ற சொல்லுக்கும் அன்று வேறு பொருள். ஞாயிறு இரவு போட்ட நாடகத்தை வியாழக்கிழமை மறுபடி காட்டுவார்கள் என்றால், நடிகர்கள் திரும்ப வந்து, உடை மாற்றி, முதலிலிருந்து நடிப்பார்கள். 1954 டிசம்பர் 12 அன்று ஆர்வெலின் ‘1984’ நாவலின் நாடக வடிவம் அப்படித்தான் நேரலையாகப் போனது. பீட்டர் குஷிங் நாயகன். நாயகனை எலிக்கூண்டைக் காட்டி மிரட்டும் காட்சியைப் பார்த்து வீடுகள் அலறின, நாடாளுமன்றம் வரை சண்டை போனது. பயந்து ரத்து செய்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. 16ஆம் தேதி, வியாழன், அதே நடிகர்கள் அதே எலிக்கூண்டின் முன் மறுபடி நின்றார்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இன்று நாம் பார்க்கக் கிடைப்பது அந்த வியாழக்கிழமை நாடகம். ஒரு தொலைக்காட்சித் திரைக்கு எதிரே ஃபிலிம் காமிராவை வைத்து அதைப் பதிவு செய்தார்கள். நாட்டையே உலுக்கிய ஞாயிற்றுக்கிழமை நடிப்பு காற்றோடு போய்விட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘குவாட்டர்மாஸ்’ தொடரின் ஆறு பகுதிகளில் முதல் இரண்டுதான் மிஞ்சின. மற்ற நான்கைப் பதிவு செய்யவே இல்லை. ஆகவே சாதாரணமான ஒரு நாளை, காலியிடங்களோடு சேர்த்துப் பார்ப்பது நடக்காது.

படிக்கலாம். ‘ரேடியோ டைம்ஸ்’ இதழில் வந்த நிகழ்ச்சிப் பட்டியல்களை ஜீனோம் என்ற தளத்தில் பிபிசி தேதிவாரியாக ஏற்றி வைத்திருக்கிறது. 1950களில் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமையைத் திறந்து பாருங்கள். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே மணிக்கணக்கு எவ்வளவு விட்டுப்போகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் எடுக்காதீர்கள். தேவாலய நேரம் அதற்குத் தனிக் கணக்கு.