பாலத்தைக் கண்டால் நடுங்குகிறார்

கேள்வி: என் கணவருக்கு 41 வயது, லோரி ஓட்டுநர். எட்டு மாதத்துக்கு முன் பினாங்குப் பாலத்தில் மோட்டாரில் வந்த ஒரு பையன் சறுக்கி, இவர் லோரிக்கு அடியில் போய்விட்டான். இவர் மேல் தப்பில்லை என்று போலீஸே சொல்லிவிட்டது. ஆனாலும் அன்றிலிருந்து பாலத்துப் பக்கமே போவதில்லை, தீவுக்குப் போக வேண்டுமென்றால் பட்டர்வொர்த் போய் ஃபெர்ரி ஏறுகிறார். ராத்திரி மூன்று மணிக்கு ஹாலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி மூடி விழுந்தால்கூட தூக்கிவாரிப் போடுகிறது. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். "பயந்த கோளாறு, மந்திரித்தால் போய்விடும், எங்கப்பா காலத்தில் பார்க்காததா" என்கிறார் மாமியார். என் கணவர் மனம் நோகக்கூடாதென்று வீட்டில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன், குக்கர் விசில்கூட வைப்பதில்லை. நான் செய்வது சரியா?
– ஒரு சகோதரி, பிறை

பதில்: முதலில் மாமியார் விஷயம். விபூதி போடட்டும், அம்மா கை நெற்றியில் பட்டு யாரும் கெட்டதில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அப்பா காலத்தில் பார்க்காததா என்றால், பார்த்தார்கள்தான். 1942, 43இல் ஜப்பான்காரன் தோட்டங்களிலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்களில் திரும்பி வந்த ஒரு தாத்தா எங்கள் தெருவில் இருந்தார். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டார், சயாம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார், ராத்திரி அவர் போடும் சத்தம் நாலு வீடு கேட்கும். "கிழவனுக்கு மூளை குழம்பிப்போச்சு" என்று சொல்லிவிட்டு நாங்கள் விளையாடப் போய்விட்டோம். அதற்கு பி.டி.எஸ்.டி., அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய், என்ற பெயர் மருத்துவப் பட்டியலில் ஏறியதே 1980இல்தான்.

இப்படி ஒரு விபத்துக்குப் பிறகு முதல் சில வாரம் தூக்கம் கெடுவதும் படபடப்பும் யாருக்கும் வரும், பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி கூப்பிடாமல் வந்து நிற்கிறது, அதை ஞாபகப்படுத்தும் இடத்துக்கெல்லாம் சுற்றுவழி போகிறார், உடம்பு எந்நேரமும் காவல்காரன் மாதிரி விழித்திருக்கிறது, தன் மேலேயே வெறுப்பு என்றால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். உங்கள் வீட்டில் எட்டு மாதம் ஆகிவிட்டது. "தப்பில்லைன்னு போலீஸே சொல்லிட்டாங்களே, மறந்துடுங்க" என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? அவர் மறக்க முடியாமல்தானே தவிக்கிறார். அந்த வார்த்தையை விட்டுவிடுங்கள். என்ன நடந்தது என்று கிண்டிக் கிண்டிக் கேட்கவும் வேண்டாம், அவராகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

இனி குக்கர். நீங்கள் அன்பால் செய்தது, குறை சொல்லவில்லை. ஆனால் பயந்த ஒவ்வொன்றையும் வீடே சேர்ந்து ஒளித்து வைத்தால், அது நிஜமாகவே ஆபத்து என்று அவர் மனது முடிவு கட்டிவிடும். இன்றைக்கு விசில், நாளைக்கு டிவி, அப்புறம் பிள்ளைகள் சிரிக்கக்கூடாது. "இப்போது குக்கர் வைக்கப் போறேன், மூணு விசில் வரும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வையுங்கள், போதும். அதற்காக நாளைக்கே அவரைக் காரில் ஏற்றிப் பாலத்துக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். பதின்மூன்றரை கிலோமீட்டர், நடுவில் திரும்பவும் முடியாது. அதற்கென்று பயிற்சி பெற்றவர் துணையோடு, முதலில் கரையில் நின்று பார்ப்பது, பிறகு கூட வேறொருவர் ஓட்ட உட்கார்ந்து போவது என்று படிப்படியாகப் போக வேண்டிய விஷயம் அது. நடந்ததைப் பாதுகாப்பான இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசவைத்தும், கண்ணை இடமும் வலமும் அசைக்கவைத்துச் செய்யும் ஈ.எம்.டி.ஆர். முறையிலும் பலர் தேறியிருக்கிறார்கள்.

எங்கே போவது? பக்கத்து அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரிடம் இதே கதையைச் சொல்லி, மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். செர்ட்ரலின் போன்ற மருந்து கொடுத்தால் குணம் தெரிய சில வாரம் ஆகும், நாலு நாளில் நிறுத்திவிடக் கூடாது. தூக்க மாத்திரையும் தண்ணியடிப்பதும் அந்த ராத்திரியைத் தாண்ட வைக்குமே தவிர நோயைத் தொடாது. "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி பேச்சு வந்தால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரண்டர்ஸ் என்ற மன ஆறுதல் தொலைபேசிச் சேவை இருக்கிறது, எண் 03-7627 2929, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். நீங்களும் பேசலாம், எட்டு மாதமாக நீங்களும்தான் தூங்கவில்லை.

பிள்ளைகளிடம் "அப்பாவுக்கு விபத்துக்கு அப்புறம் உடம்பு முடியலை, உன் மேல கோபம் இல்லை" என்று சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் தங்களால்தான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: என்னோடு வேலை செய்யும் நண்பனுக்கும் இதே வியாதி. போன வாரம் எல்.ஆர்.டி. ரயிலில் திடீரென்று வியர்த்து, நான் பேசுவதே காதில் விழாத மாதிரி ஆகிவிட்டான். என்ன செய்வது?
– ஒரு வாசகர், செந்தூல்

பதில்: பின்னாலிருந்து தொடாதீர்கள், உலுக்காதீர்கள். அவர் பார்க்கும்படி எதிரில் நின்று, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "நான்தான், நாம எல்.ஆர்.டி.யில் இருக்கோம், அடுத்தது மஸ்ஜிட் ஜாமேக்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். காலைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள், கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருளைச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, தண்ணீர் குடிக்கவைத்து உட்காருங்கள். வேலைக்குப் பத்து நிமிடம் தாமதமானால் பரவாயில்லை.