எல்.இ.டி. ஹெட்லைட்டுக்கு 10,000 ரூபாய் சலான்: கட்டுவதா, வழக்காடுவதா?

கேள்வி: என்னுடையது 2014 மாடல் சிறிய கார். ஹெட்லைட் வெளிச்சம் போதாமல், ஆன்லைனில் எல்.இ.டி. பல்பு ஒரு ஜோடி வாங்கி வீட்டிலேயே மாட்டினேன். பம்பருக்கு மேல் எல்.இ.டி. லைட் பார் ஒன்றையும் பொருத்தி, ஹெட்லைட் வயரைச் சீவி அதிலிருந்தே இணைப்பு கொடுத்தேன். பல்புப் பெட்டியில் '200 வாட்', 'ஆர்.டி.ஓ. அப்ரூவ்டு' என்று அச்சடித்திருந்தது. இரவுச் சோதனையில் நிறுத்தி, மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவில் இரண்டு மாற்றங்கள் என்று 10,000 ரூபாய்க்கு இ-சலான் போட்டுவிட்டார்கள். ஆர்.சி.யில் பல்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, இது எப்படி 'வாகன மாற்றம்' ஆகும்? இன்சூரன்ஸுக்குப் பாதிப்பு வருமா? விற்றவர் 'பிரித்த பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம்' என்கிறார். என்ன செய்வது?
- வாசகர், கரூர்

பதில்: பல்பைப் பொறுத்தவரை உங்கள் வாதத்துக்குப் பாதி பலம் இருக்கிறது. லைட் பாருக்கு எந்த வாதமும் இல்லை. முதலில் அதைக் கழற்றிவிடுங்கள்.

நீங்கள் சொல்வது மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவை ஒட்டிய வாதம். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது அந்தப் பிரிவு. 'மாற்றம்' என்றால் வண்டியின் அடிப்படைத் தன்மையையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று அதன் விளக்கக் குறிப்பும் சொல்கிறது. பல்பு மாற்றுவது அதற்குள் வராது என்று தாராளமாக வாதிடலாம். ஆனால் உங்கள் சலான் 52-ன் கீழ் போடப்பட்டதல்ல. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ(4) இன்னும் அகலமானது. உதிரி பாகங்களைப் பின்னர் பொருத்துவது உட்பட, சட்டமோ விதிகளோ அனுமதிக்காத வகையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இங்கே கேள்வி ஆர்.சி. என்ன சொல்கிறது என்பதல்ல, விதிகள் அனுமதிக்கின்றனவா என்பதுதான். உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் உங்களுக்குப் பொருந்துவன இரண்டு. விதி 106-ன்படி முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், அதன் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது. எதிரே வரும் ஓட்டுநரின் கண் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும். விதி 111, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வண்டியின் முன்புறம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைப்பதைத் தடுக்கிறது. லைட் பார் இதில்தான் சிக்குகிறது. 'சுவிட்ச் அணைத்துத்தான் இருந்தது' என்பது எடுபடாது, பொருத்தியிருப்பதே தடை.

பல்பு ஏன் விதி 106-ல் மாட்டுகிறது? உங்கள் விளக்கு அநேகமாக எச்4 வகை, அதாவது ஒரே பல்பு ஹை பீம், லோ பீம் இரண்டையும் தருவது. அதில் லோ பீம் இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கும், அதுதான் மேலே போகும் ஒளியை மறைத்து, ஒளி முடிந்து இருட்டு தொடங்கும் எல்லையான வெட்டுக்கோட்டை உண்டாக்குகிறது. பின்னால் உள்ள ரிஃப்ளெக்டர், இழை இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் வைத்து வடிவமைத்தது. எல்.இ.டி. சிப் அந்த இடத்திலிருந்து சற்று நகர்ந்தாலும், பல்பு கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாலும் வெட்டுக்கோடு கலைந்து ஒளி மேலே சிதறும். ஓட்டுபவருக்குச் சாலை பளிச்சென்று தெரியும். எதிரே வருபவருக்கோ எதுவும் தெரியாது. விளக்கும் பல்பும் சேர்த்துத்தான் ஏராய், ஐகேட் போன்ற சோதனை நிறுவனங்களில் வண்டியோடு சான்று பெறுகின்றன. பல்பு வகையை மாற்றிய கணமே அந்தச் சான்று உங்கள் விளக்குக்குப் பொருந்தாமல் போகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகம் எந்தப் பல்பையும் 'அப்ரூவ்' செய்வதில்லை. பெட்டியில் சி.இ. என்ற ஐரோப்பியப் பொருள் முத்திரை இருந்தாலும் அது சாலை அனுமதி அல்ல.

இனி சலான். பல்பு மட்டும் இருந்திருந்தால், வழக்காடுங்கள் என்றே சொல்லியிருப்பேன். கண் கூசியது என்று எதை வைத்து முடிவு செய்தார்கள், அளந்தார்களா என்று கேட்கலாம். விதி 106 மீறல் மட்டும் என்றால் அது 177-வது பிரிவின் பொதுத் தண்டனை, முதல் முறைக்கு 500 ரூபாய்தான் என்றும் வாதிடலாம். 5,000-க்கும் 500-க்கும் உள்ள தூரம் ஒரு நாள் நீதிமன்றம் போவதற்குத் தகும். ஆனால் லைட் பாரும் அதே சலானில் இருக்கிறது. வழக்கு என்று போனால் சாலைப் பாதுகாப்புத் தரம் மீறியதாக 190(2)-ஐயும் சேர்க்க இடமுண்டு. அதில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு. ஆகவே உங்கள் நிலையில் 200-வது பிரிவின் கீழ் இணக்கக் கட்டணமாக, அதாவது வழக்கு நடத்தாமல் குற்றத்தைத் தீர்த்துக்கொள்ளும் தொகையாக, செலுத்தி முடிப்பதே புத்திசாலித்தனம். ஒன்று தெரிந்திருக்கட்டும்: கட்டி முடித்தாலும் அடுத்த முறை பிடிபட்டால் இது முந்தைய குற்றமாகக் கணக்கில் வரும். கட்டாமல் விட்டுவைத்தால் சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போகும், பரிவாகன் கணக்கில் நிலுவையாக நின்று பெயர் மாற்றத்தின்போது தலைவலியாகும்.

(இடது வலது பல்புகளை இரண்டு மாற்றங்களாக எண்ணி, பாரையும் சேர்த்து 15,000 கேட்டிருந்தால் எதிர்த்திருக்கலாம். ஒரு ஜோடி விளக்கு ஒரே மாற்றம் என்பது என் கருத்து. உங்களிடம் அப்படிக் கேட்கவில்லை.)

கழற்றுமுன் ஒரு வேலை. இருட்டிய பிறகு சமதளத்தில் சுவருக்கு எதிரே 10 மீட்டரில் வண்டியை நிறுத்தி, லோ பீம் விழுவதைப் படமெடுங்கள். பல்பு, பெட்டி, பில் எல்லாவற்றையும் படமெடுங்கள். டி.சி. கிளாம்ப் மீட்டர் வைத்திருக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் ஒவ்வொரு பல்பும் இழுக்கும் ஆம்பியரை அளந்து, வோல்ட்டோடு சேர்த்துத் தாளில் எழுதி வாங்குங்கள். இரண்டையும் பெருக்கினால் உண்மையான வாட் வரும். '200 வாட்' என்று விற்ற பல்பு அதில் சிறு பங்குதான் காட்டினால், அந்தத் தாளே நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் முதல் சாட்சி.

பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மூன்று முனை கனெக்டர், ரப்பர் மூடி, ஸ்பிரிங் கிளிப் என்ற வரிசையில் எடுங்கள். பதிலுக்கு 12 வோல்ட் 60/55 வாட் எச்4 ஹாலஜன், வட்டத்துக்குள் 'இ' முத்திரை பொறித்தது, மாட்டுங்கள். மூன்று காதுகளும் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறிப் பல்பு சீக்கிரம் போகும். 100/90 வாட் பல்பைக் கடைக்காரர் நீட்டினால் வேண்டாம் என்று விடுங்கள். அதுவும் அனுமதியில்லாததே, ஹோல்டரையும் உருக்கும். கனெக்டர் பழுப்பேறியிருந்தால் இப்போதே மாற்றுங்கள். நீங்கள் சீவிய வயரை டேப்போடு விடாமல், சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் போட வேண்டும். பாரின் ரிலே, சுவிட்ச், வயர் எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது. கடைசியில் அதே சுவரில், விளக்கின் மைய உயரத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே (10 மீட்டர் தூரத்தில் 1 சதவீதம்) வெட்டுக்கோடு விழும்படி திருகுகளைச் சரிசெய்யுங்கள். விளக்குக் கூட்டின் மேல் வேறு சதவீதம் பொறித்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் இதைச் செய்து ஜாப் கார்டு வாங்கி வைத்தால், 15-ம் ஆண்டு ஆர்.சி. புதுப்பிக்கும்போதும் பயன்படும்.

வெளிச்சம் போதவில்லை என்ற மூலப் பிரச்சினை அப்படியே இருக்கிறதே என்பீர்கள். 2014 வண்டியில் பெரும்பாலும் குற்றவாளி பல்பல்ல, மஞ்சளித்த லென்ஸும் வயரில் தொலையும் வோல்ட்டும்தான். லென்ஸை 800, 1500, 2000, 3000 என்ற எண்களில் நீர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, யு.வி. கிளியர் கோட் அடித்தால் பெரிய மாற்றம் தெரியும். கோட் அடிக்காமல் விட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளிக்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஒருமுறை, பல்பு முனையில் ஒருமுறை வோல்ட் பாருங்கள். 10 சதவீதம் குறைந்தால் ஹாலஜன் ஒளியில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். அப்போது ரிலே ஹார்னெஸ் (பேட்டரியிலிருந்து நேரடியாகப் பல்புக்கு மின்சாரம் தரும் வயர்த் தொகுப்பு) போடலாம்: இரண்டு ரிலே, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ், வண்டியின் வயரை வெட்டாத சாக்கெட். சான்று பெற்ற விளக்கும் பல்பும் மாறாததால் இதை 182ஏ-வில் கொண்டுவருவது கடினம் என்பது என் கருத்து. வெளிநாட்டிலிருந்து எல்.இ.டி. விளக்கை முழுதாக வாங்கும் யோசனை இருந்தால், வலதுபுறம் ஓடும் நாடுகளின் விளக்கு வலப்பக்கம் ஒளியைத் தூக்கும், நமக்கு அது நேராக எதிர்வண்டியின் கண்ணில் போகும்.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, மூன்றாம் நபர் இழப்பீட்டை மறுக்க 150-வது பிரிவு நிறுவனத்துக்குத் தரும் காரணங்களில் ஹெட்லைட் மாற்றம் இல்லை. ஆபத்து சொந்தச் சேதத்தில்தான். வெட்டிய வயரிலிருந்து தீப்பிடித்தால், சொல்லாமல் செய்த மாற்றம் என்று கிளெய்மை மறுப்பார்கள். மறுத்தால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சென்னை இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். உங்கள் ஒளி கூசி எதிர்வண்டி விபத்தில் ஒருவர் இறந்தால் அது வேறு கதை: பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-ன் அலட்சிய மரண வழக்கில் அந்தப் பல்பே உங்களுக்கு எதிரான சாட்சி.

விற்றவரை விடாதீர்கள். 'பிரித்துவிட்டீர்கள்' என்பது சட்டப் பதில் அல்ல. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக்கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020 சொல்கின்றன. 'ஆர்.டி.ஓ. அப்ரூவ்டு' என்ற பொய் ஒன்றே போதும். விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கி இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. பல்பின் விலையோடு சலான் தொகையையும் இழப்பாகக் கேளுங்கள். பல்புக்கான 5,000 மட்டும். பாருக்கான 5,000-ஐயும் சேர்த்தால் மனுவின் நம்பகத்தன்மை கெடும்.